போட்டு பிரிட்ஜ்: பழுது பார்ப்பதா, தூக்கிப் போடுவதா?

"கம்ப்ரசர் போயி, புதுசு வாங்கிக்கோ." படகுத்துறையில் கட்டிக் கிடந்த மீன்பிடி போட்டில் ஏறி, பிரிட்ஜின் கம்ப்ரசர் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொன்ன தீர்ப்பு இது. மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வந்ததற்கான கூலியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். அதே கம்ப்ரசர் இன்றைக்கும் ஓடுகிறது. குமரிக் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கம் யாரிடமாவது இப்படிச் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. எல்லா ரிப்பேர் வேலையும் அப்போதுதான் நடக்கும். போட்டு சும்மா கிடக்கும், பேட்டரி இறங்கிப்போகும். நம் போட்டுகளில் இருக்கும் டிசி (பேட்டரியில் நேராக ஓடும்) பிரிட்ஜில் பெரும்பாலும் டான்ஃபாஸ் (இப்போது செகாப்) பிடி35, பிடி50 வகை கம்ப்ரசர்தான். அதன் பக்கத்திலேயே அதை ஓட்டும் ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். கம்பெனி செட்டிங்கில் 24 வோல்ட் லைனில் வோல்டேஜ் 22.8-க்குக் கீழே போனால் அது கம்ப்ரசரை நிறுத்திவிடும். திரும்ப 24.2 வந்தால்தான் ஓட விடும். எஞ்சின் ஓடாத நேரத்தில் இப்படி ஒரு முறை நின்ற பிறகு பேட்டரி 24.0 காட்டினாலும் பிரிட்ஜ் செத்தது போலவே இருக்கும். இது பழுதே இல்லை. எஞ்சினை ஓட்டி, ஆல்டர்னேட்டர் 27 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும்போது பிரிட்ஜ் ஸ்டார்ட் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளக்க வேண்டிய இடம் மாட்யூல் முனை. பேட்டரி முனையில் அளந்து பிரயோஜனம் இல்லை. அதுவும் கம்ப்ரசர் எடுக்க முயலும் அந்த நொடியில் அளக்க வேண்டும். பிரிட்ஜ் இருக்கும் வீல்ஹவுஸுக்கும் (போட்டை ஓட்டும் அறை) பேட்டரிக்கும் 10 மீட்டர் இருந்தால், போக வர 20 மீட்டர் ஒயர். 2.5 சதுர மி.மீ. ஒயரில் அது 0.14 ஓம். 5 ஆம்பியர் இழுத்தால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். அந்த தூரத்துக்கு 6 சதுர மி.மீ. ஒயர் போட்டு, ஸ்விட்ச் போர்டு வழியாகச் சுற்றாமல் நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். பாதிப் பிரச்சினை இதோடு முடியும்.

மாட்யூலின் பிளஸ் முனைக்கும் எல்இடிக்கென்று விட்டிருக்கும் முனைக்கும் நடுவில் ஒரு சின்ன எல்இடி மாட்டினால் மாட்யூலே நோயைச் சொல்லும். ஒரு முறை மின்னினால் வோல்டேஜ் குறைவு. இரண்டு என்றால் ஃபேன் அதிக கரண்ட் இழுக்கிறது. மூன்று என்றால் கம்ப்ரசர் எடுக்க முடியவில்லை. நான்கு, ஓட வேண்டிய வேகத்துக்கு வரவில்லை. ஐந்து, மாட்யூல் சூடாகிவிட்டது. பெரும்பாலும் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் அடைத்து வைத்ததுதான் காரணம். ஃபேன் மாற்றும்போது கவனம்: 24 வோல்ட் போட்டிலும் மாட்யூலின் ஃபேன் முனைக்கு 12 வோல்ட் ஃபேன்தான். கடைக்காரர் 24 வோல்ட் ஃபேனைக் கொடுப்பார், அது சோம்பேறியாய்ச் சுற்றும், பிறகு "கூலிங் இல்லை" என்று திரும்பவும் ஆள் கூப்பிட வேண்டும்.

மூன்று முறை மின்னியதும் "கம்ப்ரசர் போயி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நிறுத்தி கால் மணி நேரம் விடுங்கள், உள்ளே பிரஷர் சமமாகட்டும். பிறகும் எடுக்கவில்லை என்றால் மாட்யூலைக் கழற்றி, கம்ப்ரசரின் மூன்று பின்களை இரண்டிரண்டாக ஓம் அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருந்து, கம்ப்ரசர் பாடிக்குக் கரண்ட் கசிவும் இல்லையென்றால் சந்தேகம் மாட்யூல் மேல்தான் போக வேண்டும். கொச்சியில் ஒரு கடையில் மாட்யூலைத் தனியாகக் கேட்டதற்கு முழு செட்டையும் எடுத்து நீட்டினார்கள். பழைய மாட்யூலின் ஸ்டிக்கரில் 101 என்று தொடங்கும் நம்பரையும் கம்ப்ரசர் மாடலையும் போட்டோ எடுத்துக் காட்டிய பிறகுதான் உள்ளேயிருந்து தனி மாட்யூல் வெளியே வந்தது.

குளிரூட்டும் கேஸ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். சிலிண்டரோடு வந்து, கேட்காமலேயே கேஸ் ஏற்றுகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஐஸ் பிளேட்டின் (பெட்டிக்குள் குளிரும் தகடு) ஆரம்பத்தில் மட்டும் பனி பிடித்து மீதி வெறுமனே இருந்தால் கேஸ் குறைவு. திரும்பி வரும் குழாயில் பெட்டிக்கு வெளியேயும் பனி பிடித்தால் கேஸ் அதிகம். அளவு பிரிட்ஜின் பெயர்ப்பலகையில் கிராமில் இருக்கும், தராசு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆர்134ஏ கேஸில் ஓடும் மெஷினில் வீட்டு பிரிட்ஜின் ஆர்600ஏ-வை ஏற்றவே விடாதீர்கள். அது தீப்பிடிக்கும் கேஸ், நம் கேபினோ மூடிய இடம்.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? கத்தியால் ஐஸைக் கொத்தி அலுமினியப் பிளேட்டில் ஓட்டை போட்டிருந்தால், எபாக்ஸி பசை பூசி ஒரு தங்கல் (ஒரு கடல் பயணம்) ஓட்டலாம், அதற்கு மேல் நம்ப முடியாது. கேஸ் கசிவு பெட்டிச் சுவரின் ஃபோமுக்குள் ஓடும் குழாயில் இருந்தாலும் அதே கதி. ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் பேச்சே வேண்டாம்: வோல்டேஜ், கேஸ் எல்லாம் சரியாக இருந்தும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், வெளிப்பக்கம் எப்போதும் வியர்க்கும். அந்தப் பெட்டிக்குப் புது கம்ப்ரசர் போடுவது காசைக் கடலில் கொட்டுவது. கம்ப்ரசரும் மாட்யூலும் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டு பிரிட்ஜை இன்வெர்ட்டரில் மாட்டுகிறவர்கள் உண்டு. ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போல பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குப் பேட்டரியைத் தின்னும், பின்பக்க இரும்புக் கம்பிகள் உப்பில் சீக்கிரம் அரித்துப்போகும். குழம்புச் சாமான் வைக்க மட்டும் என்றால் சமாளிக்கலாம். போட்டில் இன்சுலின் போடுகிற ஆள் இருந்தால் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அங்கே டிசி பிரிட்ஜே வாங்குங்கள், உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் தொங்கவிடுங்கள்.