நாவலை மறுபடி முதலிலிருந்து எழுதினேன்

என் முதல் நாவலை முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதில் எட்டு மாதம் எழுதியதை முழுக்கத் தூக்கிப் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன். காதல் கதைக்குள் தத்து விஷயத்தைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு உதவும்.

எனக்குச் சேலம், அம்மாபேட்டை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்ற திட்டம். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. பெரியவர்கள் அதைக் குரலைத் தாழ்த்திப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் நாயகியைத் தொட்டிலில் விடப்பட்ட பெண்ணாக வைத்தேன். நிச்சயதார்த்தத்தன்று ஒரு உறவுக்காரர் விஷயத்தைப் போட்டு உடைக்கிறார். நாயகன் அவளிடம் சொல்லாமலே பழைய கோப்பைத் தேடிப் பிடித்து, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெற்ற தாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். "நீ எங்கே பிறந்திருந்தாலும் எனக்குப் பரவாயில்லை" என்கிறான். எழுதும்போது அழுதேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண், எனக்குத் தங்கை மாதிரி. மூன்று வருடம் முன்பு பெண் குழந்தையைத் தத்தெடுத்தவள். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு, வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கை, காத்திருப்பு, குழந்தை வந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது, எல்லாம் பட்டு வந்தவள். அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மொட்டை மாடிக்கு வந்தாள்.

"அக்கா, அவளைக் கட்டிக்கிறதுல இவன் என்ன தியாகம் பண்ணிட்டான்? நாளைக்கு என் பொண்ணு இதைப் படிச்சா என்ன நினைப்பா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் வீட்டில் உடைக்க எந்த ரகசியமும் இல்லை. குழந்தையைக் கூட்டி வந்த நாளைத் தினமும் ராத்திரி கதையாகச் சொல்கிறாள். என்ன கவுன் போட்டிருந்தாள், காரில் யார் மடியில் தூங்கினாள் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். விட்டால் குழந்தையே எடுத்துக் கொடுக்கும்.

அப்புறம்தான் விதிகளைத் தேடிப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். 2022 தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, பதினெட்டு வயது ஆனவர் தன் பிறப்பைப் பற்றித் தானே விண்ணப்பித்துக் கேட்கலாம். அவருக்காக வேறொருவர் தேட அனுமதி இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவனும் வேறொருவன்தான். தவிர, பேர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுப்போனால் கோப்பில் தாயின் பேர் எப்படி இருக்கும்? என் நாயகனின் பெரிய சாதனை நடக்கவே முடியாதது, நடந்தாலும் தப்பு. எட்டு மாத உழைப்பைக் கட்டிப் பரணில் போட்டேன்.

இரண்டு வாரம் பேனா தொடவில்லை. பிறகு தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். சொந்தத்துக்குள் பிள்ளை கொடுத்து வாங்குவது பற்றிக் கேட்டபோது, 1956-ம் வருடத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 12-ம் பிரிவைக் காட்டினார். தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டோடு சட்ட உறவு அறுந்துவிடும். ஆனால் பிறந்த வீட்டிலேயே இருந்திருந்தால் யாரைக் கட்டியிருக்க முடியாதோ, அவரை இப்போதும் கட்ட முடியாது.

ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்வதற்குள் கதை கிடைத்துவிட்டது. ஏற்காட்டு அத்தை தன் இரண்டாவது குழந்தையைப் பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்தக் குழந்தைதான் நாயகி. அவளுக்குத் தெரியாது. வீட்டில் எல்லாரும், தெரிந்தவர் நாலு பேரைத் தவிர, "அத்தை பையன் இருக்கான், உனக்கென்னடி" என்று கேலி பேசுகிறார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். முறைப்பையன் என்று ஊரே சொல்பவன் கூடப் பிறந்த அண்ணன். இதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. அத்தை ஏன் எழுந்து போகிறாள் என்று அவளே கவனித்துக் கண்டுபிடிக்கிறாள்.

நாயகனைச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவனாக மாற்றினேன். அவன் எதையும் தேடுவதில்லை, மன்னிப்பதும் இல்லை. அவள் அத்தையிடம் கேட்கப் போகிற அன்று பைக்கில் கூட்டிப்போய், லேடீஸ் சீட் என்ற மலைக்காட்சி முனைப் பக்கம் காத்திருக்கிறான். எனக்கு இப்போதுதான் அவனைப் பிடித்தது.

ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா இன்னொரு தவறைத் திருத்தினார். டிசம்பரில் காப்பி பூத்திருப்பதாக எழுதியிருந்தேன். அது பழம் பறிக்கும் காலம், கோடை மழை விழுந்த பிறகுதான் பூக்கும் என்றார். சரி என்று அந்தக் காட்சியை ஏப்ரலுக்கு மாற்றினேன்.

கடைசி அத்தியாயம்தான் ரொம்ப இழுத்தது. உண்மை தெரிந்த பிறகு அவள் அத்தையை எப்படிக் கூப்பிடுவாள்? "அம்மா" என்று எழுதினேன். வளர்த்த அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், பொய்யாக இருந்தது. பேரே சொல்லாமல் எழுதிப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் வந்தது. இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் டம்ளரை நகர்த்தி வைக்கிறாள்.

"அத்தை, காப்பி ஆறுது."