பணிய லயம், நாலாம் காம்பரா

2020 பெப்ரவரி 18
பேராதனைப் பல்கலைக்கழகம், சட்டப் படிப்பு. விடுதி அறையில் மூன்று பேர், மூன்று கட்டில், ஆளுக்கொரு மேசை. தனி மேசையில் எழுதுவது இதுதான் முதல் தடவை.
விரிவுரை எல்லாம் இங்கிலீஷில். ஒப்பந்தத்துக்கு ஆங்கிலச் சட்டத்தில் கன்சிடரேஷன் வேண்டுமாம், நம்முடைய உரோம டச்சுச் சட்டத்துக்கு ஜஸ்டா கவுசா போதுமாம். இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டும் விளங்கவில்லை.

2020 பெப்ரவரி 19
அம்மாவிடம் எல்லாம் விளங்குகிறது என்று சொன்னேன்.

2020 ஜூன் 3
வீட்டில். தேயிலைத் தோட்டத்து லயம், வரிசையாக ஒட்டிய அறைகளில் நாலாவது காம்பரா எங்களுடையது. தண்ணி டாங்கி மேட்டில் மட்டும்தான் சிக்னல். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சூம் வகுப்பு. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. காலில் இரண்டு அட்டை. குற்றவியல் சட்டத்தில் கடைசி இருபது நிமிஷம் போச்சு.

2020 நவம்பர் 12
கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். மலையகத்தாருக்கு என்ன என்று கையைத் தூக்கிக் கேட்டேன். பொதுச் சட்டம்தான், உரோம டச்சு என்றார் சேர். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கண்டி இராச்சியத்தை ஆண்டதே இல்லை. அவர்கள் சட்டம் மட்டும் மலையேறி எங்கள் லயம் வரைக்கும் வந்திருக்கிறது. இதையே யோசித்துக்கொண்டு அக்பர் பாலத்தில் ரொம்ப நேரம் நின்றேன்.

2021 மார்ச் 8
தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம் இல்லை. கொழுந்துக் கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தானே என்கிறார்.

2021 அக்டோபர் 27
கொடக்கன்பிள்ளை எதிர் முதநாயக்க. 1953. வாக்காளர் இடாப்பில் பேர் சேர்க்க மாட்டோம் என்றதற்காக அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போன மனிதர். அங்கேயும் தோற்றார். எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை என்று தீர்ப்பு. வகுப்பில் எல்லோரும் கோடு போட்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை.
அப்பாயி 1941இல் எங்கள் காம்பராவிலேயே பிறந்தவர். அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம் பிஸ்கட் டின்னில், பொலித்தீன் சுற்றி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் கிடைத்தது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து. போன் எடுத்து, "அப்பாயி, அது பத்திரமா இருக்கா?" என்றேன். "நீ சாப்பிட்டியா?" என்றார்.

2022 மார்ச் 31
13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மெழுகுதிரி விலையைச் சொன்னால் அப்பா திட்டுவார்.

2022 ஜூலை 10
பஸ் இல்லை. கொழுந்து லொறிக்கும் டீசல் இல்லையாம்.

2023 மே 23
காணிச் சட்டம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரிவு 3. தொடர்ந்து பத்து வருஷம், இடையூறு இல்லாமல், மற்றவன் உரிமைக்கு எதிராக ஒரு காணியை ஆண்டு வந்தால் அது உன்னுடையது. பத்தே வருஷம்! மேடம் சொல்லி முடிக்குமுன் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பாயியின் அப்பா காலத்திலிருந்து நாங்கள் அங்கேதான். எங்களிடம் எட்டுப் பத்து வருஷம் இருக்கிறது.
அப்புறம் அடுத்த பக்கம். அனுமதியோடு இருப்பவன் எத்தனை காலம் இருந்தாலும் அனுமதியோடு இருப்பவன்தான். வேலைக்காக வீடு தந்தார்கள், ஆகவே அது எதிரான ஆட்சி இல்லை. போதாததற்கு அது அரச காணி, கம்பனிக்குக் குத்தகை. அரசுக்கு எதிராக அந்தப் பத்து வருஷக் கணக்கு ஓடவே ஓடாது.
அப்படியென்றால் தனியார் காணியில் களவாகக் கொட்டில் போட்டவனுக்கு ஒரு வாதம் இருக்கிறது, சொல்லுக் கேட்டு வேலை செய்தவளுக்கு இல்லை. இதைப் பரீட்சையில் எழுத முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

2023 மே 24
பிரிவு 3ஐத் திரும்ப வாசித்தேன். மாறவில்லை.

2023 அக்டோபர் 17
அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. கொழுந்து மலையில் ஏழு பேருக்கு. பேராதனை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன்.

2023 அக்டோபர் 18
முகம் தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். என்னைக் கண்டதும் "வகுப்பு இல்லையா?" என்றார்.

2023 அக்டோபர் 25
வீக்கம் வற்றிவிட்டது. மூச்சு இன்னும் இழுக்கிறது.

2024 பெப்ரவரி 2
அம்மா இனி மலைக்குப் போக மாட்டார். அப்பாவின் பேரைச் செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவில், வெட்டி மூன்று வருஷம். அண்ணன் புறக்கோட்டையில், கடை வேலை. காம்பராவில் தோட்ட வேலைக்குப் போகிற ஆள் இப்போது யாரும் இல்லை. இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

2024 ஜூன் 11
பரீட்சை. அரசியலமைப்பு. உறுப்புரை 126, அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனு. நன்றாக எழுதினேன்.

2024 ஆகஸ்ட் 30
தோட்டத்திலிருந்து கடிதம். இங்கிலீஷில். அப்பா அதை நாலாக மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார், நான் வரும்வரைக்கும். வாசித்துச் சொன்னேன். காம்பராவை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் வேலைக்கு ஓர் ஆள் தர வேண்டும். "ஆளா, யாரு?" என்றார் அம்மா. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு நவம்பரில் ஏ.எல்., உயர்தரப் பரீட்சை.
இல்லை. அது நடக்காது.

2024 ஆகஸ்ட் 31
நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரையும் சாமானோடு தூக்கி வெளியே வைக்க முடியாது. அந்தளவு உறுதியாகத் தெரியும். அதை மட்டும் வைத்துப் பதில் எழுதினேன், மூன்று தடவை. பட்டம் இன்னும் கையில் இல்லை, புதுக்கடையில் சட்டக் கல்லூரிப் பரீட்சை இருக்கிறது, பயிலுநர் காலம் இருக்கிறது, சத்தியப்பிரமாணம் அதற்கும் பிறகு. அதனால் கடிதம் அம்மாவின் பேரில். கீழே அம்மா தமிழில் கையெழுத்து வைத்தார், ஒவ்வொரு எழுத்தாக.

2024 செப்டம்பர் 2
பதிவுத் தபால். துண்டைப் பிஸ்கட் டின்னில் வைத்தேன், அப்பாயியின் பத்திரத்தோடு.

2024 செப்டம்பர் 9
பதில் இல்லை.

2024 செப்டம்பர் 13
மழை. கூரைத் தகரம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். அப்பா புதுத் தகரம் வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்குங்கள் என்றேன்.

2024 செப்டம்பர் 14
தோட்ட ஆபிசிலிருந்து ஆள் வந்தது. அம்மாவைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போகிறேன்.