லாக், டிசேபிள்ட், ஸ்லீப்பிங் செல்

மொபைல் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையமான என்ஓசியில் புதிதாகச் சேர்பவர்கள் கையில் சுருக்கெழுத்துகள் நிறைந்த ஒரு நீளமான பட்டியலைத் திணிப்பது வழக்கம். எஃப்சிஏபிஎஸ்ஸை (நெட்வொர்க் மேலாண்மையின் ஐந்து பிரிவுகளின் சுருக்கம்) விரித்துச் சொல்லத் தெரிந்தால் நேர்முகத் தேர்வில் உதவும், ஷிஃப்டில் பெரிதாக உதவாது. அதனால் நான் அட்மின் ஸ்டேட், ஆபரேஷனல் ஸ்டேட் என்ற இரண்டிலிருந்துதான் தொடங்குவேன்.

அட்மின் ஸ்டேட் என்பது நாம் இட்ட உத்தரவு. ஒரு செல்லை (டவரின் ஒரு ஆன்டெனா சிக்னல் தரும் பகுதி) லாக் செய்தால் 'நீ இயங்க வேண்டாம்' என்று பொருள். ஆபரேஷனல் ஸ்டேட் என்பது கருவி தரும் பதில்: என்னால் இயங்க முடிகிறது, அல்லது முடியவில்லை. அன்லாக் ஆகியிருந்தும் டிசேபிள்ட் என்று காட்டினால் அது நிஜமான கோளாறு. லாக் ஆகிக் கிடந்தால் யாரோ வேலை முடித்துவிட்டுத் திறக்காமல் போயிருக்கலாம். நடுராத்திரியில் ஃபீல்ட் ஆளை எழுப்பும் முன் இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும், பாதி சண்டை குறையும்.

அடுத்தது அலாரம். ஈவென்ட் என்றால் நடந்து முடிந்த ஒன்று. அலாரம் அப்படியல்ல, கிளியர் ஆகும்வரை நீடிக்கும் நிலை. சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியூ-டியின் எக்ஸ்.733 தரப்படி கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங் என்று தீவிரம் பிரிப்பார்கள். சிக்கல் என்னவென்றால், கருவி தானாக அனுப்பும் அலாரச் செய்தியான எஸ்என்எம்பி ட்ராப், கிடைத்ததா என்று கேட்காத யூடிபி வழியாக 162ஆம் போர்ட்டுக்கு வருகிறது. வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கிளியர் ட்ராப் தொலைந்தால் சரியான பிறகும் திரை சிவப்பாகவே நிற்கும். அலாரம் ட்ராப் தொலைந்தால் இன்னும் மோசம்: எல்லாம் பச்சை! அதனால்தான் கருவியில் உள்ள அலாரங்களோடு நம் திரையை ஒப்பிட்டுச் சரிசெய்யும் அலாரம் சிங்க் என்று ஒரு வேலை இருக்கிறது. பதில் கேட்டு வாங்கும் இன்ஃபார்ம் என்ற செய்தி வகை இருப்பதும் இதற்காகவே.

பச்சை என்றதும் ஸ்லீப்பிங் செல் நினைவுக்கு வருகிறது. அலாரம் கிடையாது, அன்லாக், எனேபிள்ட், எல்லாம் கச்சிதம். ஆனால் ஒரு அழைப்புகூட அந்த செல்லில் ஏறாது. இதை அலாரம் திரையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, கேபிஐ என்னும் செயல்திறன் அளவீடுகளில்தான் பிடிக்க முடியும். போன வாரம் இதே கிழமை, இதே மணி நேரத்தில் ட்ராஃபிக் எவ்வளவு இருந்தது, இப்போது ஏன் பூஜ்யம்? பக்கத்து செல்களில் திடீரென்று கூட்டம் ஏறியிருக்கிறதா? என்னைக் கேட்டால், அலாரங்களை வேகமாக மூடுபவரைவிட இதைக் கவனிப்பவர்தான் நல்ல என்ஓசி ஆள்.

ஆன்டெனா பக்கம் வந்தால் விஎஸ்டபிள்யூஆர், அதாவது அனுப்பிய பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு. 1.5 என்றால் அனுப்பிய பவரில் சுமார் 4 சதவீதம் திரும்பி வருகிறது, 2 என்றால் சுமார் 11, 3 என்றால் 25. மழை பெய்தால் மட்டும் வந்து, வெயில் அடித்ததும் தானே கிளியர் ஆகும் விஎஸ்டபிள்யூஆர் அலாரத்தைப் பார்த்தால் ரேடியோ யூனிட்டை மாற்றச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் கனெக்டரிலோ ஜம்பர் கேபிளிலோ தண்ணீர் இறங்கியிருக்கும். அலாரம் வந்துபோன நேரங்களையும் டிக்கெட்டில் எழுதிவிடுங்கள், டவர் ஏறுபவருக்கு அதுவே பாதி விடை.

பவரை மடக்கை அளவில் சொல்லும் டிபிஎம் பற்றி ஒன்றே ஒன்று: 43 என்றால் 20 வாட், 46 என்றால் 40. 'மூணுதானே குறைச்சேன்' என்பவர் பாதி பவரைப் பிடுங்கியிருக்கிறார்.

அப்புறம், தூரத்து சைட்டில் கான்ஃபிகரேஷன் மாற்றுபவர்கள் கருவிகளின் கான்ஃபிகரேஷனை மாற்ற உதவும் நெறிமுறையான நெட்கான்ஃபில் உள்ள கன்ஃபர்ம்டு கமிட்டைப் பழகிக்கொள்ள வேண்டும். மாற்றத்தைப் போட்ட பிறகு, குறித்த நேரத்துக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் கருவி பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். நேரம் எதுவும் கொடுக்காவிட்டால் 600 விநாடி. பேக்ஹால் (சைட்டை மைய நெட்வொர்க்கோடு இணைக்கும் வழி) ஐபியை மாற்றி நம் வழியை நாமே அடைத்துக்கொண்டாலும், வண்டி எடுத்துக்கொண்டு யாரும் ஓட வேண்டியதில்லை. எல்லாக் கருவியிலும் இந்த வசதி இருக்காது, கை வைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.