லிங்கன் பூங்காவில் ஒரு பின்னல்

ஒரு பாட்டி பின்னிக்கொண்டிருந்தார். இன்னொரு பாட்டி பாசிமணிகளை உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் நடுவே தலையைக் குனிந்தபடி பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி.

வாஷிங்டன் லிங்கன் பூங்கா, இன்று காலை.

பேத்தியா என்று கேட்டேன். இல்லையாம். சர்ச்சில் பழக்கமான பிள்ளை. சனிக்கிழமை தோறும் கணக்குப் பாடம், அப்புறம் தலைவாரல்.

"எனக்கும் இவதான் கணக்கு சொல்லிக்கொடுத்தா, ஏழாம் வகுப்பில்" என்றார் மணி வைத்திருந்தவர்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பேச்சுக்கு நடுவிலும் கை நிற்கவில்லை. இவர் கேட்பதற்கு முன்பே அவர் சரியான நிற மணியை நீட்டுகிறார்!

அவர்களுக்குப் பின்னால் மேரி மெக்லியோட் பெத்யூன் சிலை. கறுப்பினப் பெண்களுக்காகத் தேசிய அமைப்பை உருவாக்கியவர்.

1937இல் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த அந்த அமைப்பின் கூட்டத்துக்கு, அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் வந்தார். அவரை உள்ளே அழைத்துவர 25 வயது டோரதி ஹைட்டை அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பியவளிடம் பெத்யூன் பெயரைக் கேட்டார். நீ எங்களுக்கு வேண்டும் என்றார். அவ்வளவுதான். பெத்யூன் 1955இல் இறக்கும்வரை கூடவே இருந்தார் ஹைட். 1957 முதல் நாற்பது ஆண்டுகள் அந்த அமைப்புக்கே தலைவர். 1974இல் இந்தச் சிலையை இங்கே நிறுவியதும் அவர் தலைமையில்தான்.

பெரியவர்கள் நிறைந்த கூட்டத்தில், ஓர் இளம்பெண்ணை நிறுத்திப் பெயர் கேட்க ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. அதையேதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை போகிறேன்.