அப்பன் எங்கே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆகியும், திரையில் எந்தக் குழந்தையைக் கண்டாலும் அம்மா ஆயாக் கொட்டகைக் கண்ணோடுதான் பார்க்கிறார். பால்மரக் காட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகளைத் தூங்க வைத்தே காலம் கழித்தவர் அவர். சென்ற வாரம், கிரிகோரி அலெக்சாந்த்ரோவ் இயக்கி 1936-இல் வெளிவந்த 'சர்க்கஸ்' என்னும் சோவியத் நகைச்சுவைப் படத்தை அவரோடு சேர்ந்து பார்த்தேன்.

கறுப்பினக் குழந்தையைப் பெற்றதற்காக அமெரிக்க ஊர் ஒன்று துரத்தியடித்த வெள்ளைக்காரச் சர்க்கஸ் கலைஞராக லியுபோவ் ஓர்லோவா நடிக்கிறார். அந்த இரகசியத்தை வைத்து அவரை மிரட்டிவந்தவன், மாஸ்கோவில் கூட்டத்தின் முன் குழந்தையைக் காட்டிக்கொடுக்கிறான். முகம் சுளிக்கும் என்று அவன் எதிர்பார்த்த கூட்டமோ குழந்தையைக் கைக்குக் கை மாற்றி ஏந்தி, ரஷ்யம், உக்ரைனியம், ஜார்ஜியம், யூதர்களின் இத்திஷ் எனப் பல மொழிகளில் தாலாட்டுகிறது. எனக்குக் கண் கலங்கியது. பாட்டுக்குக் கலங்கும் கண் எனக்கு. அம்மா கேட்டது வேறு: "பிள்ளைய எல்லாரும் தூக்குறாங்க, சரி. அதோட அப்பன் எங்க?"

படத்தில் அந்தத் தகப்பன் வருவதே இல்லை. கறுப்பினப் பெரியவர்கள் கூட்டத்தில் சற்று நேரம் தென்படுவதோடு சரி. தேசிய தின விளம்பரங்களில் மூன்று இனத்துப் பிள்ளைகள் கைகோத்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களுள் தமிழ்ப் பிள்ளையின் தகப்பன் என்ன கூலிக்கு வேலை செய்கிறார் என்று எந்த விளம்பரமும் கேட்டதில்லை. குழந்தையைக் கொஞ்சுவதில் சிக்கல் இல்லை. குழந்தை கூலி கேட்காது, சங்கம் அமைக்காது.

அந்தக் குழந்தையாக நடித்த ஜிம் பேட்டர்சனின் உண்மைத் தகப்பன் லாய்ட் பேட்டர்சன், அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு படத்தில் நடிப்பதற்காகவே 1932-இல், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் உள்ளிட்ட குழுவோடு மாஸ்கோ சென்றவர். அந்தப் படம் எடுக்கப்படாமலே கைவிடப்பட்டது. குழுவினரில் பெரும்பாலோர் திரும்பிவிட, அவர் அங்கேயே தங்கி ஓவியர் வேரா அராலோவாவை மணந்தார். உழைக்கும் பெரியவர்களாகத் திரைக்கு வந்திருக்க வேண்டியவர்களுக்குப் பதிலாக, நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தது மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளை. இத்திஷில் தாலாட்டிய நடிகர் சாலமன் மிக்கோயல்ஸுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் நிலைக்கவில்லை. 1948 சனவரியில் ஸ்டாலினின் ஆணைப்படி மின்ஸ்கில் அவர் கொல்லப்பட்டார். பின்னர் அவர் பாடிய தாலாட்டு அடிகள் படத்திலிருந்தே வெட்டப்பட்டு, வெகுகாலம் கழித்தே மீண்டும் சேர்க்கப்பட்டன.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அம்மா தகப்பன் பெயரை மட்டும் திரும்பக் கேட்டார். ஆயாக் கொட்டகையில் எந்தப் பிள்ளையையும் 'இன்னாருடைய பிள்ளை' என்றுதான் அவர் நினைவில் வைத்திருப்பார். "லாய்ட் பேட்டர்சன்" என்றேன். நாக்கில் புரளாத அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தாலாட்டை மறுபடி போடச் சொன்னார்.