மிஷன் டிஸ்பென்சரியில் ஒரு நாள்: புட்டி, அடுப்பு, குளோரோஃபார்ம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் ஐடா ஸ்கடர் என்றதும் எல்லோரும், அவர் டாக்டராகும் முன்பு நடந்த திண்டிவனத்து இரவைச் சொல்வார்கள். பிரசவத்துக்கு உதவி கேட்டு மூன்று வீட்டார் வந்தார்கள், டாக்டரான அவருடைய அப்பா போகலாம் என்றபோது ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அது போதுமான அளவு சொல்லப்பட்டுவிட்ட கதை. படித்து முடித்து 1900இல் வேலூர் வந்தவர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடத்தில், அதேபோன்ற மற்ற மிஷன் டிஸ்பென்சரிகளில், அன்றாடம் என்ன வேலை நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஏன் வந்தது என்ற கேள்விக்கு அந்த இரவைவிட மருந்து கலக்கும் மேசையில்தான் தெளிவான பதில் கிடைக்கும்.

முதலில், இங்கே வந்த மிஷன் பெண் டாக்டர்கள் என்ன படித்துவிட்டு வந்தார்கள் என்று பார்ப்போம். பிலடெல்பியாவில் 1850இல் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரிதான் மிஷன்களுக்கு நிறைய பேரை அனுப்பியது. 1870இல் பரேலிக்கு வந்த கிளாரா ஸ்வெயின், 1883இல் குண்டூருக்கு வந்த அன்னா குக்ளர் இருவரும் அங்கே படித்தவர்கள். பாடம் குறைவில்லை, குறைந்தது நோயாளிதான். 1869இல் அந்தக் கல்லூரி மாணவிகள் பென்சில்வேனியா மருத்துவமனை வகுப்புக்குப் போனபோது ஆண் மாணவர்கள் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். பெரிய மருத்துவமனைகளின் கதவு திறக்காததால், பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெண்களே நடத்திய சிறு மருத்துவமனைகளில் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஐடாவுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898இல் திறந்தபோதே பெண்களையும் சேர்த்ததால் பிலடெல்பியாவிலிருந்து அங்கே மாறி 1899இல் முடித்தார். அப்படி வந்தவர்களுக்கு இங்கே வாய்க்கும் பிரசவ கேஸ், இரண்டு மூன்று நாள் வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடந்து, மருத்துவச்சி கைவிட்ட பிறகு வருவது. பாடப்புத்தகம் அந்தக் கட்டத்தில் தொடங்குவதில்லை.

பொழுது அடுப்பில் விடியும். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, முந்தின மாலையே கொதிக்கவைத்து மூடி ஆறவிட வேண்டும். காலையில் கொதிக்கவைத்தால் கோடையில் உச்சிப் பொழுதானாலும் ஆறாது. கருவிகளுக்குத் தனிப் பாத்திரம். தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் எஃகு துருப்பிடிக்காது, காய்ந்த ரத்தமும் எளிதில் கழன்றுவிடும். கத்தியை மட்டும் அதில் வெகு நேரம் போட்டு வைக்கக் கூடாது, முனை மழுங்கிவிடும். அதைச் சாராயத்திலோ, கிருமியைக் கொல்லும் கார்பாலிக் கரைசலிலோ ஊறவைப்பார்கள். மழைக்காலம் வந்தால் கருவி ஒவ்வொன்றுக்கும் வாசலின் பூச வேண்டும். வெயிலில் ரப்பர் குழாய்கள் வெடித்துப் போகும். அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தாவிட்டால் புத்தகத்தைக் கரையான் படித்து முடித்துவிடும்.

கார்பாலிக்கில் இரண்டு அளவு உண்டு. கருவிக்கு இருபதில் ஒன்று, கைக்கு நாற்பதில் ஒன்று. பைண்ட் என்ற திரவ அளவையில், பிரிட்டிஷ் கணக்குப்படி, 20 அவுன்ஸ் இருப்பதால், ஒரு பைண்டுக்கு ஒரு அவுன்ஸ் என்பது மனதில் நிற்கும் கணக்கு. அமெரிக்காவில் பைண்ட் 16 அவுன்ஸ். பழக்கத்தில் அந்த அளவையைக் கையில் எடுத்தால் கரைசல் பதினாறில் ஒன்றாகிவிடும், தோல் வெந்துபோகும். தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் ஆபத்துதான். சரியாகக் கரையாத துளிகள் அடியில் தங்கி, கை பட்ட இடம் வெளுத்து மரத்துவிடும். வெந்நீரில் ஊற்றி நன்றாகக் குலுக்கினால்தான் சரிவரும்.

அடுத்து மருந்து. மலேரியாக் காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா மிக்சர். ஒரு வேளைக்கு 5 கிரெயின் (அன்றைய சிறு மருந்து எடை) கொயினா சல்பேட், நீர்த்த கந்தக அமிலம் சில துளி, தண்ணீர் சேர்த்து ஒரு அவுன்ஸ். ஆறு அவுன்ஸ் புட்டியில் 30 கிரெயின் போகும், நாளுக்கு மூன்று வேளை வீதம் இரண்டு நாளைக்கு வரும். அமிலத்தை விட்டுவிட்டால் கொயினா கரையாமல் அடியில் படிந்துவிடும். முதல் நாள் வெறும் தண்ணீர் குடித்தவருக்குக் கடைசி வேளையில் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கும். காது இரைந்து, தலை சுற்றி, வாந்தி எடுப்பார். அமிலம் சேர்த்தாலும் ஒரு சிக்கல் உண்டு. புட்டி இல்லாதவர்கள் பித்தளைச் செம்பை நீட்டுவார்கள். புளிப்பு மருந்து பித்தளையில் நின்றால் அதிலுள்ள தாமிரம் கரைந்து இறங்கும், அதைக் குடித்தாலும் வாந்திதான். பழி டாக்டரம்மாவுக்கு. அதனால் கண்ணாடி, இல்லையென்றால் மண் கலயம்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேளையைப் புரியவைக்க, காகிதப் பட்டையை மடித்து, ஓரங்களில் வெட்டு விட்டு, புட்டியின் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. இதிலும் கவனம் வேண்டும். கொண்டுவரும் புட்டி ஒவ்வொன்றும் ஒரு வடிவம், கழுத்துப் பக்கம் குறுகும், அடிப்பாகம் குழிந்திருக்கும். காகிதத்தைச் சமமாக மடித்தால் வேளைகள் சமமாக இருக்காது. தண்ணீரை அவுன்ஸ் அவுன்ஸாக ஊற்றிப் பார்த்துத்தான் வெட்டுப் போட வேண்டும். ஒரு புட்டிக்கு இவ்வளவு நேரம் ஆனால், வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை யார் பார்ப்பது?

சிக்கலின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுபவர் ஒருவர், குளோரோஃபார்ம் கொடுத்து மயக்குபவர் ஒருவர், கருவி எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், இரவானால் விளக்குப் பிடிப்பவர் ஒருவர். நான்கு பேர் இல்லாமல் நடக்காது. மயக்குவதற்குக் குளோரோஃபார்மைவிட ஈதர் பாதுகாப்பானது என்று படித்திருப்பார்கள். ஆனால் ஈதர் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும், வேலூரின் மே மாதத்தில் புட்டியைத் திறந்தாலே ஆவி. விளக்குச் சுடர் பட்டால் தீயும் பற்றும். ஆகவே குளோரோஃபார்ம். முகத்தில் வாசலின் தடவி, கம்பிக்கூட்டின் மேல் துணி போர்த்தி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே அதிகம் விட்டால் இதயம் நின்றுவிடும். நாடி, மூச்சு, கண்மணி மூன்றிலிருந்தும் கொடுப்பவரின் கவனம் விலகக் கூடாது. மூடிய அறையில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால் குளோரோஃபார்ம் ஆவி சிதைந்து நச்சுப் புகையாகும், அறையில் உள்ளவர்கள் எல்லோரும் இருமுவார்கள். இதைக் கற்றுக்கொள்ளாத ஒருவர் கையில் புட்டியைக் கொடுத்துவிட்டு எந்த டாக்டரால் நிம்மதியாகக் கத்தி வைக்க முடியும்?

அதனால்தான் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது வெகு சீக்கிரமே தொடங்கிவிட்டது. கிளாரா ஸ்வெயின் வந்த ஆண்டிலேயே வகுப்பு ஆரம்பித்தார், 1873இல் 13 பேர் தேர்வு எழுதித் தேறினார்கள். லூதியானாவில் ஈடித் பிரவுன் 1894இல் நான்கு மாணவிகளோடு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875இலேயே நான்கு பெண்களைச் சேர்த்திருந்தது, மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். ஆனால் ஆண்களோடு உட்கார்ந்து படிக்கத் தங்கள் பெண்ணை அனுப்பும் குடும்பங்கள் அன்று குறைவு. வேலூரில் 1902இல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்ததும் ஆள் தேவை பல மடங்கானது. 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. குடியாத்தம் சாலையோரம் ஐடா மரத்தடிகளில் நடத்திய வைத்தியத்துக்கும் கட்டுத்துணி மாற்ற, மருந்து ஊற்ற ஆட்கள் போக வேண்டியிருந்தது. கோடையில் மிஷனரிகள் கொடைக்கானல் ஏறுவது வழக்கம். அந்த வாரங்களில் டிஸ்பென்சரியைத் திறந்து வைக்க முடியுமா என்பது, கீழே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. செவிலியர் மருந்து கொடுக்கலாம். எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க டாக்டர் வேண்டும்.

1918இல் வேலூரில் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பள்ளி தொடங்கியது. எல்.எம்.பி. படிப்பு, நான்கு ஆண்டு. பட்டம் இல்லை, தொழில் செய்யும் உரிமம். ஒரு சிறு மருத்துவமனையைத் தனியாக நடத்த அது போதும். முதல் அணியில் 14 பேர் 1922இல் முடித்தார்கள். 1930களின் இறுதியில் மெட்ராஸ் அரசு எல்.எம்.பி.யை நிறுத்தி எம்.பி.பி.எஸ். தான் வேண்டும் என்றபோது, பள்ளியை மூடுவதா, பல மடங்கு செலவழித்துக் கல்லூரி ஆக்குவதா என்ற நெருக்கடி வந்தது. 1942இல் எம்.பி.பி.எஸ். அனுமதி கிடைத்தது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். அதற்கான முடிவைக் கடுமையாக எதிர்த்தவர்களில், வேலூருக்காக அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகப் பணம் திரட்டிய லூசி பீபடியும் உண்டு. பெண்களுக்கென்று கொடுத்த பணம் பெண்களுக்கே போக வேண்டும் என்ற அவருடைய வாதத்தை இன்றைக்குப் படித்தாலும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.