வீட்டு வரி இவ்வளவு கட்டியும் ஸ்கூலில் ஏன் பணமில்லை?

கலிஃபோர்னியாவில் இன்று 20 லட்சம் டாலருக்கு ஒரு வீடு வாங்கினால் ஆண்டுக்கு 20,000 டாலருக்குக் குறையாமல் வரி வரும். அப்படியும் மார்ச் பிறந்ததும் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் ஆள்குறைப்புப் பேச்சு கிளம்பிவிடுகிறது. அதை நிர்வகிக்க ஊர் தேர்ந்தெடுத்த போர்டின் கூட்டத்துக்குப் போய் ‘எங்கள் வரிப்பணம் எங்கே?’ என்று கேட்பதில் பயனில்லை. வரி வசூலாவது ஊரில்தான், ஆனால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ.

முன்பு இப்படி இல்லை. 1968-69இல் சொத்து மதிப்பு குறைந்த ஊரான பால்ட்வின் பார்க் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 5.48 டாலர் பள்ளி வரி கட்டினார்கள். மாணவருக்குச் செலவிட முடிந்தது 577 டாலர். பணக்கார ஊரான பெவர்லி ஹில்ஸில் வரி 2.38 டாலர்தான், செலவோ 1,232 டாலர். இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து வந்த செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1971இலும் 1976இலும் இந்த முறையை ஏற்க மறுத்தது. பிறகு 1978இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ரொபோசிஷன் 13 வந்து சொத்து வரியை 1 சதவீதத்தில் கட்டிப்போட்டது. வீடு கைமாறாதவரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வரி விகிதத்தை ஏற்றும் அதிகாரம் அன்றோடு ஊரின் கையைவிட்டுப் போனது.

இப்போது நடப்பில் இருப்பது 2013இல் வந்த லோக்கல் கன்ட்ரோல் ஃபண்டிங் ஃபார்முலா. பெயரில் இருக்கும் லோக்கல் கன்ட்ரோல் செலவுக்குத்தான், வரவுக்கு இல்லை. வகுப்புக்கு ஏற்றபடி தலைக்கு ஒரு பேஸ் கிராண்ட், அதாவது அடிப்படைத் தொகை உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், அரசுப் பொறுப்பில் வளரும் ஃபாஸ்டர் பிள்ளைகள் ஆகியோருக்கு அதன்மேல் 20 சதவீதம் சேரும். இவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு இன்னொரு 65 சதவீதம். பேஸ் கிராண்டை 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இப்படிப்பட்ட பிள்ளைகள் 70 சதவீதம் உள்ள டிஸ்ட்ரிக்டில் 10,000 + 1,400 + 975, அதாவது தலைக்கு 12,375. அவர்கள் 15 சதவீதம் மட்டுமே என்றால் 10,300.

இந்தத் தொகையிலிருந்து ஊரின் சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தை மாநிலம் தருகிறது. ஆகவே ஊரில் வீட்டு விலை ஏறினால் மாநிலத்தின் பங்கு அந்த அளவுக்குக் குறையும், ஸ்கூலுக்கு ஒரு டாலரும் கூடாது. வரியே அந்தத் தொகையைத் தாண்டிவிடும் ‘பேசிக் எய்ட்’ டிஸ்ட்ரிக்டுகள் மட்டும் விதிவிலக்கு. மிகுதியை அவை தாமே வைத்துக்கொள்ளலாம். பாலோ ஆல்டோ அப்படிப்பட்டது.

மற்ற இடங்களில் தலை எண்ணுவது சேர்க்கையை வைத்தல்ல, வருகையை வைத்து. காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தாலும் அன்றைய வருகை கணக்கில் சேராது. 180 நாள் பள்ளியில் 10,300 டாலர் என்றால் ஒரு நாள் ஏறக்குறைய 57 டாலர். முக்கிய வருகைக் கணக்கு ஏப்ரல் நடுவோடு முடிந்துவிடும். பிள்ளைகள் குறைந்துவரும் டிஸ்ட்ரிக்ட் முந்தைய ஆண்டின் எண்ணிக்கையையோ மூன்று ஆண்டுச் சராசரியையோ பயன்படுத்தலாம் என்பதால் அடி தாமதமாக விழும். விழும்போது மொத்தமாக விழும்.

செலவிலாவது போர்டுக்கு முழுப் பிடி உண்டா? பெரும்பகுதி சம்பளமும் சலுகைகளும்தான். அதிலும் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு டிஸ்ட்ரிக்ட் கட்டும் பங்கைச் சட்டசபைதான் 2014இல் சட்டம் போட்டு ஏற்றியது. அப்போது சம்பளத்தில் 8.25 சதவீதம், இப்போது 19.1 சதவீதம்.

கூடுதல் பணம் வேண்டுமென்றால் ஊருக்கு இரண்டு வழி. ஒவ்வொரு மனைக்கும் தனியாக விதிக்கும் பார்சல் டாக்ஸ் சம்பளத்துக்கும் உதவும், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கடன் பத்திரமான பாண்டுக்கு 55 சதவீதம் போதும், ஆனால் அது கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும் மட்டும். ‘புது ஜிம் கட்டுகிறீர்கள், டீச்சரை ஏன் அனுப்புகிறீர்கள்?’ என்ற சண்டை ஊருக்கு ஊர் நடப்பதற்கு இதுதான் காரணம்.

பேச நினைப்பவர்கள் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 15க்குள் ஆசிரியர்களுக்கு ஆள்குறைப்பு முன்னறிவிப்பு போய்விடும். அதற்குப் பிறகு நூலகருக்காக வாதாடுவது பெரும்பாலும் வீண். டிசம்பர் 15க்குள் வரும் டிஸ்ட்ரிக்டின் முதல் இடைக்கால நிதி அறிக்கையைப் பாருங்கள். நடப்பு ஆண்டோடு அடுத்த இரண்டு ஆண்டின் கணிப்பும் அதில் இருக்கும். முதல் ஆண்டு எப்போதும் அழகாகவே தெரியும், மூன்றாம் ஆண்டைப் படியுங்கள். அறிக்கைக்கு ‘பாசிட்டிவ்’, ‘குவாலிஃபைட்’, ‘நெகட்டிவ்’ என்று மூன்றில் ஒரு சான்று உண்டு. குவாலிஃபைட் என்றால் பணம் போதாமல் போகலாம், நெகட்டிவ் என்றால் போதாது.

ரிசர்வையும், அதாவது கையிருப்பையும் பாருங்கள். 1,001 முதல் 30,000 மாணவர்வரை உள்ள டிஸ்ட்ரிக்டுக்கு ஆண்டுச் செலவில் குறைந்தபட்சம் 3 சதவீதம். அது சில நாள் சம்பளத்துக்குத்தான் காணும். ‘ரிசர்வில்தான் பணம் இருக்கிறதே’ என்று தொழிற்சங்கம் சொன்னால், ஒருமுறைப் பணத்தில் நிரந்தரச் சம்பள உயர்வு தர முடியுமா என்று கேளுங்கள். 2024 செப்டம்பரோடு கொரோனா நிதி நின்றபோது பல டிஸ்ட்ரிக்டுகள் இந்த இடத்தில்தான் மாட்டின. சம்பள ஒப்பந்தத்தை போர்டு ஏற்குமுன் அதன் முழுச் செலவை வெளியிட்டாக வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே வரும், அந்தத் தாளும் பெரும்பாலும் அதோடு இணைந்திருக்கும்.

பணம் உண்மையிலேயே தீர்ந்தால் மாநிலம் கடன் தரும். ஓக்லாந்து டிஸ்ட்ரிக்டுக்கு 2003இல் 10 கோடி டாலர்வரை கடன் அனுமதியானது. கூடவே மாநிலம் அனுப்பிய நிர்வாகி வந்து உட்கார்ந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு யோசனை மட்டும் சொல்ல முடிந்தது, அதன் ஓட்டு செல்லவில்லை.